காற்று நிறைய இருந்தும் ஏன் புளிக்கிறது?

சித்தையன்கோட்டையில் ஒருவருக்கு நடுநெஞ்சு வலித்து, கை மரத்து, வியர்த்துக் கொட்டினால் வீட்டார் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு விரைவார்கள். ஈசிஜி எடுத்து மாரடைப்பு என்று உறுதியானதும் நம் அரசு மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும் மருந்துகளில் ஒன்று ஸ்ட்ரெப்டோகைனேஸ். சிறு குப்பியில் வெள்ளைப் பொடி. அதைக் கரைத்து 15 லட்சம் யூனிட்டை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தக் குழாய்க்குள் செலுத்துவார்கள். நம் ரத்தத்திலேயே இருக்கும் பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தை அது தூண்டிவிடும். தூண்டப்பட்ட புரதம், இதயக் குழாயை அடைத்திருக்கும் உறைகட்டியைக் கரைக்கும். சீக்கிரம் போய்ச் சேர்ந்தவர்களில் பலர் பிழைத்து எழுந்ததற்கு இந்தப் பொடி காரணம்.

இந்தப் பொடியைச் செய்வது பாக்டீரியா. 1933-இல் அமெரிக்காவில் வில்லியம் டில்லெட் என்ற மருத்துவர், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள் மனித ரத்தக் கட்டியைக் கரைப்பதைக் கவனித்தார். அதே வகைக் கிருமியைத் தொட்டியில் வளர்த்துத்தான் நெடுங்காலம் மருந்து எடுத்தார்கள். அதில் தொல்லைகள் உண்டு. அந்தக் கிருமியின் உறவினங்கள் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் தருபவை. மருந்தோடு சேர்ந்து ரத்த அணுக்களை உடைக்கும் நஞ்சையும் அது வெளியிடும். போதாக்குறைக்கு லாக்டிக் அமிலத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். காரம் சேர்த்துச் சேர்த்து அதைச் சமன்செய்யாவிட்டால் தன் அமிலத்திலேயே அது நின்றுபோகும்.

எனவே அந்த மரபணுவை மட்டும் எடுத்து, வளர்க்க எளிதான ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைக்கும் முயற்சிகள் நடந்தன. இந்தியாவில் அதைச் செய்தவர்கள் சண்டிகரில் உள்ள இம்டெக் என்ற நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தார். கிரிஷ் சாஹ்னி அந்தக் குழுவின் தலைவர். பின்னாளில் சிஎஸ்ஐஆர் என்ற அரசு ஆராய்ச்சி அமைப்பின் தலைமை இயக்குநராகவும் ஆனவர். அவர்கள் உருவாக்கிய மறுசேர்க்கை ஸ்ட்ரெப்டோகைனேஸ் தொழில்நுட்பத்துக்குச் சென்னையைச் சேர்ந்த ஷாசன் நிறுவனம் உரிமம் பெற்றது. வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்து வாங்கிய மருந்து இங்கேயே செய்யப்படும் நிலைக்கு வந்தது.

நோய்க்கிருமி போயிற்று, அதன் நஞ்சும் போயிற்று. புளிப்பு மட்டும் போகவில்லை. ஈ.கோலையும் அமிலம் விடும். அசிட்டிக் அமிலம், அதாவது காடியில் இருக்கும் அதே அமிலம்.

இதில் வியப்பு எங்கே என்று கேட்கலாம். நுண்ணுயிர் என்றால் புளிக்காமல் இருக்குமா? நம் பள்ளிப் பாடம் என்ன சொல்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ஆக்சிஜன் இருந்தால் செல் சர்க்கரையை முழுக்க எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றும், அது சுவாசம். ஆக்சிஜன் இல்லாதபோதுதான் வழியின்றி அரைகுறையாக உடைத்து அமிலமோ ஆல்கஹாலோ விடும், அது நொதித்தல். மருந்துத் தொழிற்சாலையில் நுண்ணுயிரை வளர்க்கும் ஃபெர்மென்டர் என்ற தொட்டியில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை. அடியில் இருக்கும் துளைக் குழாய் வழியே காற்று குமிழியாகப் பொங்குகிறது. நடுத்தண்டில் பூட்டிய சுழலிகள் அந்தக் குமிழிகளை அடித்து நொறுக்கித் தண்ணீரில் கரைக்கின்றன. அத்தனைக்கும் நடுவில், மூச்சுவிடக் காற்று தாராளமாக இருக்கும்போதே, ஈ.கோலை பாதி எரிந்த சர்க்கரையை வெளியே கொட்டுகிறது.

உள்ளே நடப்பது இது. குளுக்கோஸில் ஆறு கார்பன். செல் அதை இரண்டாக உடைத்து மூன்று கார்பன் கொண்ட பைருவேட் இரண்டு செய்கிறது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கார்பன் கழிந்து, இரண்டு கார்பன் துண்டு ஒன்று கோஎன்சைம்-ஏ என்ற தாங்கியின் தோளில் ஏறிக்கொள்கிறது. அசிட்டைல் கோஏ என்று அதற்குப் பெயர். இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. கிரெப்ஸ் சுழற்சிக்குள் போனால் அந்த இரண்டு கார்பனும் முழுக்க எரிந்து நிறைய ஆற்றல் கிடைக்கும். மற்றப் பாதையில் இரண்டே நொதிகள். தாங்கியைக் கழற்றிவிட்டு, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அசிட்டேட்டாக வெளியே தள்ளிவிடும். ஒரு குளுக்கோஸுக்குக் கிடைக்கும் ஆற்றல் இந்த வழியில் ஏறக்குறைய பாதிதான்.

வெளியே தள்ளியது சும்மா கிடப்பதும் இல்லை. காடியில் அசிட்டிக் அமிலம் லிட்டருக்கு நாற்பது, ஐம்பது கிராம். ஃபெர்மென்டரில் அதில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே ஈ.கோலையின் வளர்ச்சி தளர்கிறது. நமக்கு வேண்டிய மருந்துப் புரதத்தின் உற்பத்தியோ அதற்கும் முன்பே, லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராமிலேயே சரியத் தொடங்கலாம். தொட்டியின் அமில காரச் சமநிலையை (pH) 7-இல் நிறுத்தி வைத்தாலும் இது நடக்கும். அந்த நிலையில் அசிட்டிக் அமில மூலக்கூறுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட மின்னேற்றமின்றி இருப்பதில்லை. அந்தச் சொற்பம்தான் செல்லின் சவ்வை ஊடுருவி உள்ளே போகிறது. போனதும் உடைந்து, ஹைட்ரஜன் அயனியை உள்ளே இறக்கிவிட்டு, அசிட்டேட்டாக அங்கேயே தங்குகிறது. 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று இன்னும் நுட்பமான சேதத்தைக் காட்டியது: உள்ளே தேங்கும் அசிட்டேட், மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் செல் செய்துகொள்வதை மறிக்கிறது. மெத்தியோனினை வெளியிலிருந்து ஊட்டியபோது தளர்ச்சி கணிசமாகக் குறைந்தது.

ஆக, தன்னைத் தளர்த்தும் ஒன்றை, எரித்தால் ஆற்றல் தரும் ஒன்றை, காற்று இருக்கும்போதே செல் ஏன் கொட்டுகிறது? இந்தக் கேள்விக்கு வயது நூறு. 1920-களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க், புற்றுநோய்ச் செல்கள் ஆக்சிஜன் இருந்தும் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குவதைக் கண்டார். 1929-இல் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் கிராப்ட்ரீ, சர்க்கரை கூடினால் அத்தகைய செல்களின் மூச்சே குறைவதைக் கண்டார். ரொட்டி ஈஸ்ட் காற்றிலும் ஆல்கஹால் செய்கிறது. பாக்டீரியா, ஈஸ்ட், மனிதனின் புற்றுச் செல் என்று உயிர் மரத்தில் தொலைதூரக் கிளைகளில் இருக்கும் மூன்றும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. இதை ஒரு செல்லின் கோளாறு என்று ஒதுக்க முடியாது.

நம் பக்கத்து ஆள் இதைக் கண்மாயை வைத்துப் புரிந்துகொள்வார். ஐப்பசி, கார்த்திகையில் மேற்கு மலையில் மழை வெளுத்து வாங்கினால் ஆத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் நிறைந்து மறுகால் பாயும். கண்மாய்க்குத் தண்ணீர் வேண்டாம் என்பதில்லை. மடை வழியே வயலுக்குப் போகும் தண்ணீருக்கு ஓர் அளவு உண்டு; வரத்து அதை மிஞ்சும்போது மிச்சம் கலுங்கு ஏறுகிறது. ஆய்வாளர்களும் நெடுங்காலம் இப்படித்தான் எண்ணினார்கள். கிரெப்ஸ் சுழற்சி ஒரு மடை, அதன் கொள்ளளவு தீர்ந்ததும் மிச்சம் அசிட்டேட்டாக வழிகிறது என்று.

கண்மாய் உவமை இதுவரைதான் வரும். செல், மடையின் அகலத்தைத் தானே தீர்மானிக்கிறது. வேண்டுமென்றால் சுவாச நொதிகளை இன்னும் அதிகமாகச் செய்துகொள்ள அதற்குத் தெரியும். ஏன் செய்துகொள்வதில்லை? 2015-இல் 'நேச்சர்' இதழில் மார்க்கஸ் பாசன், டெரன்ஸ் ஹுவா குழுவினர் சொன்ன விடை என்னை இன்றும் அசரவைக்கிறது. சர்க்கரைக் கணக்கைப் பார்க்காதீர்கள், புரதக் கணக்கைப் பாருங்கள் என்றார்கள். சுவாசம் சர்க்கரையைச் சிக்கனமாகச் செலவழிக்கும். ஆனால் அதற்கு வேண்டிய நொதிகளும் சவ்வில் பதிந்த பெரிய புரதக் கூட்டங்களும் ஏராளம். அசிட்டேட் பாதை சர்க்கரையை வீணடிக்கும். புரதச் செலவோ குறைவு. அதே அளவு ஆற்றலைப் பெற, சுவாச வழிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு புரதம் தேவை என்று அவர்கள் அளந்தார்கள். வேகமாக வளரும் செல்லுக்குப் புரதம் செய்யும் ரைபோசோம்கள் குவியலாக வேண்டும், அவையும் புரதச் செலவுதான். சர்க்கரை கொட்டிக் கிடக்கும்போது செல்லுக்கு அரிய பொருள் சர்க்கரையா, புரதமா? புரதம்தான். ஆகவே அது சர்க்கரையை வீணாக்கிப் புரதத்தை மிச்சம் பிடிக்கிறது.

இதிலிருந்து ஒரு கோடு கிடைத்தது. அவர்கள் ஆராய்ந்த ஈ.கோலை, இரண்டாகப் பெருக ஏறக்குறைய 55 நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டால் அசிட்டேட் விடுவதே இல்லை. அதைவிட வேகமாக வளர்ந்தால், வேகம் கூடக் கூட அசிட்டேட்டும் நேர்கோட்டில் கூடுகிறது. பிறகு செல்லுக்குப் பயனே இல்லாத ஒரு புரதத்தை வலிந்து செய்யவைத்துப் பார்த்தார்கள். புரதக் கையிருப்பில் ஒரு பங்கு அதில் போய்விட்டதால், மெதுவாக வளரும்போதே அசிட்டேட் வரத் தொடங்கியது. முன்கூட்டிக் கணித்தபடியே நடந்தது.

இங்கேதான் நம் மருந்து திரும்ப வருகிறது. செல்லின் கண்ணால் பார்த்தால் ஸ்ட்ரெப்டோகைனேஸ் அப்படியொரு பயனற்ற புரதம். 414 அமினோ அமிலங்களைக் கோத்து அது செய்யும் ஒவ்வொரு மூலக்கூறும் அதற்குச் சுமை. உற்பத்தியைத் தூண்டிவிட்ட நேரத்தில் செல் புளிப்பை நோக்கி மேலும் தள்ளப்படுகிறது. நாம் எவ்வளவு மருந்து கேட்கிறோமோ, அவ்வளவுக்கு அதை மறிக்கும் அமிலமும் பக்கத்திலேயே பிறக்கப் பார்க்கிறது. செல் ஏன் புளிக்கிறது என்பதை விளக்கும் வேறு கருத்துகளும் இருக்கின்றன. செல்லின் சவ்வில் சர்க்கரையை இழுக்கும் புரதங்களும் சுவாசப் புரதங்களும் இடத்துக்குப் போட்டியிடுகின்றன என்பது ஒன்று. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யலாம்.

தொழிற்சாலைக்காரர்கள் இத்தனை விளக்கத்துக்கும் காத்திருக்கவில்லை. பசியில் வைத்தால் வீணாக்காது என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். 1919-ஐ ஒட்டி ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் ரொட்டி ஈஸ்ட் செய்தவர்கள், சர்க்கரைக் கரைசலை முதலிலேயே கொட்டாமல் சிறுகச் சிறுக ஊற்றினால் ஆல்கஹால் வராமல் ஈஸ்ட் பெருகுவதைக் கண்டார்கள். இன்றைய மருந்து ஃபெர்மென்டர்களில் நடப்பதும் அதே முறைதான். ஃபெட்-பேட்ச் என்பார்கள். முதலில் கொஞ்சம் சர்க்கரையில் செல்களை வளரவிடுவது. அது தீர்ந்ததும், லிட்டருக்கு ஐந்நூறு கிராமுக்கு மேல் குளுக்கோஸ் கரைத்த பாகைச் சொட்டுச் சொட்டாக விடுவது. செல்கள் பெருகப் பெருகச் சொட்டின் வேகத்தையும் கூட்டுவது. ஆனால் ஒவ்வொரு செல்லும் எப்போதும் அரை வயிற்றிலேயே இருக்கும்படி. நன்றாக நடந்தால் லிட்டருக்கு நூறு கிராம் உலர் எடைவரை பாக்டீரியாவை வளர்க்கலாம்.

அரை வயிறா, முழு வயிறா என்று எப்படித் தெரியும்? இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதுதான். தொட்டியின் பக்கச் சுவரில் செருகிய ஒரு உணரி, நீரில் கரைந்த ஆக்சிஜனை அளந்து திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். டி.ஓ. என்று சொல்வார்கள். அது முப்பது சதவீதத்தில் நிற்கிறது என்று வையுங்கள். சர்க்கரைப் பம்பைச் சில நொடிகள் நிறுத்த வேண்டும். செல்கள் பசியில் இருந்தால் அந்தக் கணமே உண்ண ஒன்றுமில்லாமல் மூச்சைக் குறைக்கும். குமிழிகளின் ஆக்சிஜன் மிஞ்சும். திரையில் எண் சட்டென்று ஏறும். முப்பது, முப்பத்தைந்து, நாற்பத்திரண்டு. உடனே பம்பை ஓடவிடலாம், எல்லாம் சரி. எண் அசையாமல் முப்பதிலேயே நின்றால் கவலை. நீரில் சர்க்கரை மிஞ்சிக் கிடக்கிறது, அசிட்டேட் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு சொட்டு மாதிரியைக்கூட வெளியே எடுக்காமல், கோடிகோடி செல்களின் வயிற்று நிலையை அவற்றின் மூச்சை வைத்தே அறிகிறோம்.

அம்மோனியாவும் ஒரு துப்புத் தரும். அமிலத்தைச் சமன்செய்ய அம்மோனியாக் கரைசலைத்தான் விடுகிறார்கள், செல்களுக்கு நைட்ரஜன் உணவும் அதுவே. வழக்கத்தைவிட வேகமாக அது இறங்கினால் அமிலம் கூடுகிறது என்று பொருள்.

ஆய்வகத்தில் ஐந்து லிட்டர் தொட்டியில் இதெல்லாம் கைக்கு அடங்கும். ஆயிரக்கணக்கான லிட்டருக்குப் போனால் கதை மாறும். 37 டிகிரி வெப்பத்தில் காற்றோடு தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் தாங்கும் ஆக்சிஜன் 7 மில்லிகிராமுக்கும் குறைவு. அடர்த்தியாக வளர்ந்த செல்கூட்டம் அதை நாலைந்து நொடியில் குடித்துவிடும். பெரிய தொட்டியில் மேலே ஊற்றிய சர்க்கரை எங்கும் கலக்க ஒரு நிமிடம்கூட ஆகலாம். எனவே ஊற்றுக்குழாயின் வாயருகே சர்க்கரை அதிகம், ஆக்சிஜன் இல்லை. எங்கோ ஓரத்தில் சர்க்கரையே இல்லை. தொட்டிக்குள் சுழன்று வரும் ஒவ்வொரு செல்லும் சில நொடி விருந்து, சில நொடி பட்டினி என்று மாறி மாறிப் படுகிறது. விருந்துப் பக்கத்தில் அசிட்டேட்டோடு லாக்டேட், ஃபார்மேட், எத்தனால் எல்லாம் வருகின்றன.

வெப்பம் வேறு. ஒரு லிட்டரில் மணிக்கு 6 கிராம் ஆக்சிஜனைக் குடிக்கும் செல்கூட்டம், ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய 25 கிலோவாட் சூட்டைக் கக்கும். திண்டுக்கல் சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரை வைத்து அதைத் தணிக்க முடியாது. குளிரூட்டிய நீர் ஓடியாக வேண்டும். நம் ஊர்களில் இந்தத் தொழில் செய்வதற்கு ஆகும் செலவில் இந்தக் குளிர்நீருக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால்தான் எத்தனை செல்களை மூச்சுவிடவைக்கலாம் என்பதைப் பல இடங்களில் உயிரியலைவிடக் குளிர்ச்சியே முடிவு செய்கிறது.

மரபணுவையே வெட்டிவிட்டால்? வெட்டிப் பார்த்தார்கள். அசிட்டேட் பாதையின் முதல் நொதியை நீக்கினால் அசிட்டேட் குறைகிறது, பைருவேட்டும் லாக்டேட்டும் கூடுகின்றன. செல் மிச்சத்தை வேறு வாசலில் கொட்டுகிறது. வெளியே தள்ளுவதை மறிப்பதைவிட, உள்ளே வரும் சர்க்கரையின் வேகத்தைக் குறைத்த திரிபுகள் நல்ல பலன் தந்தன. சில ஈ.கோலை குலங்கள் இயல்பிலேயே சிக்கனமானவை. 1922-இல் எடுத்த கே-12 குலத்தைவிட, பி குலம் விட்ட அசிட்டேட்டைத் தானே திரும்ப உண்ணும் பாதையைத் திறந்து வைத்திருப்பதால் குறைவாகப் புளிக்கிறது. புரதம் செய்யும் ஆய்வகங்களில் பிஎல்21 என்ற பி குலத்துப் பிள்ளை எங்கும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமிலம் என்றால் கண்டுபிடிக்கலாம், கழுவலாம். கண்ணுக்குத் தட்டுப்படாத துணைப்பொருள்கள்தான் எனக்கு அச்சம் தருகின்றன. பைருவேட் தேங்கும்போது அதில் கொஞ்சம் அமினோ அமிலப் பாதைகளுக்குள் வழிந்து, இயற்கைப் புரதங்களில் இடமில்லாத நார்லியூசின் என்ற ஒன்றைச் செய்கிறது. மெத்தியோனினுக்கு அது உருவத்தில் நெருக்கம். செல் ஏமாந்து புரதச் சங்கிலியில் மெத்தியோனின் இருக்க வேண்டிய இடத்தில் இதைக் கோத்துவிடும். 1980-களின் இறுதியில், ஈ.கோலையில் செய்த மாட்டு வளர்ச்சி ஹார்மோனில் இது தென்பட்டது. எடையிலும் வடிவிலும் அசலோடு ஒட்டி நிற்கும் போலியைப் பிரிப்பது எவ்வளவு கடினம்!

1989-இல் அமெரிக்காவில் நடந்தது அதைவிடக் கொடியது. தூக்கத்துக்காகப் பலர் டிரிப்டோஃபேன் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பாக்டீரியாவை வைத்துத்தான் செய்தார்கள். திடீரென்று தாங்க முடியாத தசைவலி, ரத்தத்தில் ஒருவகை வெள்ளணுக்களின் பெருக்கம். 1,500-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணை ஜப்பானின் ஷோவா டெங்கோ நிறுவனம் செய்த சரக்கில் போய் நின்றது. அந்நிறுவனம் பாக்டீரியக் குலத்தையும் மாற்றியிருந்தது, சுத்திகரிக்கும் கரித்தூளின் அளவையும் குறைத்திருந்தது. சரக்கில் மிகச் சொற்பமாக இருந்த அசுத்தங்களில் ஒன்று, இரண்டு டிரிப்டோஃபேன்களை அசிட்டால்டிஹைடு இணைத்த சேர்மம். அதுதான் காரணமா என்பது இன்றளவும் முடிவாக நிறுவப்படவில்லை. இறந்தவர்கள் இறந்தவர்கள்தான். நொதித்தலில் 'கொஞ்சம்தானே' என்று எதையும் விடக்கூடாது என்று இந்தத் தொழில் முழுவதற்கும் கற்றுத் தந்த நிகழ்வு அது.

இதே வழிதல் சிலருக்குச் செல்வமும் ஆயிற்று. 1956-இல் ஜப்பானில் கினோஷிதா குழுவினர், பயோட்டின் என்ற வைட்டமின் போதாமல் வளர்த்த கோரினேபாக்டீரியம் என்ற காற்றுவிரும்பி, குளுட்டமேட்டை வெளியே கொட்டுவதைக் கண்டார்கள். கடைகளில் அஜினோமோட்டோ என்று கேட்கும் உப்பை உலகம் இன்று பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறது. அந்தத் தொட்டியில் குளுட்டமேட் வேண்டியது. காற்று குறைந்தால் வரும் லாக்டேட்தான் வேண்டாதது.

நம் நாட்டில் 1997-இல் ஹைதராபாதின் சாந்தா பயோடெக்னிக்ஸ் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியையும், பிறகு பெங்களூரின் பயோகான் இன்சுலினையும் பிக்கியா என்ற ஈஸ்டில் செய்தன. ரொட்டி ஈஸ்ட்டைப் போல அது காற்றில் ஆல்கஹால் கொட்டுவதில்லை. அதற்கு உணவாகும் மெத்தனாலோ வேறு தொல்லை. உள்ளே ஃபார்மால்டிஹைடையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் பிறப்பிக்கும். தொல்லையே இல்லாத உயிரை இதுவரை யாரும் தொட்டியில் வளர்த்ததில்லை.

காந்திகிராமத்திலும் திண்டுக்கல்லைச் சுற்றியும் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஆக்சிஜன் இருந்தால் சுவாசம், இல்லாவிட்டால் நொதித்தல்' என்று கரும்பலகையில் எழுதும் நாளில் ஒரு சோதனையும் செய்து காட்டுங்கள். ஆய்வகத்துக்கென்று வரும், நோய் தராத கே-12 ஈ.கோலை போதும். இரண்டு குடுவைகளில் ஈஸ்ட் சாறும் பெப்டோனும் கலந்த வழக்கமான ஊடகத்தைக் குடுவையின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, அமிலத்தில் மஞ்சளாகும் புரோமோதைமால் நீலச் சாயம் சேருங்கள். ஒன்றில் மட்டும் குளுக்கோஸ் போடுங்கள். இரண்டையும் ஒரே குலுக்கியில் வைத்துக் காற்றுப் படும்படி நன்றாக ஆட்டுங்கள். மாணவர்கள் பார்த்து முடித்ததும் இரண்டையும் ஆட்டோகிளேவில் வைத்துக் கொன்ற பிறகே கொட்டுங்கள். மறுநாள் மாணவர்கள் வரும்போது சர்க்கரை போட்ட குடுவை மஞ்சளாக இருக்கும், போடாதது நீலமாக இருக்கும்.